மூன்று மணித் தண்ணீர்

மகனுக்கு,

திங்கட்கிழமை நீ கொழும்புக்குப் போகிறாய். உன்னுடைய புதிய வேலையை ஊராருக்கு விளங்கப்படுத்த உன் அப்பா படும் பாட்டைப் பார்த்து இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலைக் கொதிகலன்களைப் பரிசோதிக்கும் அதிகாரி என்று சொன்னால் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மாமியிடம், "பெரிய பெரிய கேத்தல் எல்லாத்தையும் தட்டிப் பாத்து, இது நிக்கும், இது வெடிக்கும் எண்டு சொல்லுறவன்" என்று சொல்லிவிட்டார். மாமி உடனே தன் குசினியில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைக்கும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னிடம் நீட்டினார். நீயும் சிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடியில படிஞ்சிருக்கிற வெள்ளையைச் சுரண்டிப்போட்டுப் பாவியுங்கோ மாமி" என்றாய். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைப் படிவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் குறுக்கே விழுந்து, "அம்மா, அதுக்கு இப்ப வேற முறை இருக்கு" என்பாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போன்ற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கொதிகலனில் குழாய் ஏன் வெடிக்கிறது என்று நீ நான்கு வருடம் படித்தாய். அந்தப் படிப்பில் நான் கை வைக்கவில்லை. ஒரு குழாய் வெடித்தபோது அதற்குப் பின்னால் நின்ற ஆட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் முதல் ஆள் நான்.

கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருந்த கோழித்தீன் தொழிற்சாலையில் நான் ஆய்வுகூட உதவியாளராக இருந்தது உனக்குத் தெரியும். அரைத்த தீனை நீராவியில் பதப்படுத்தி அச்சில் அழுத்தித்தான் குருணையாக எடுப்பார்கள். அந்த நீராவிக்கு உமி எரிக்கும் ஒரு கொதிகலன். அதற்குள் வரிசை வரிசையாக இரும்புக் குழாய்கள். குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு. உள்ளே ஓடும் தண்ணீர்தான் குழாயை நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறது. தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே சுண்ணாம்புப் படிவு வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, இளகி, புடைத்து, ஒரு நாள் கிழியும். அது நடக்காமல் இருக்க, கிணற்றுத் தண்ணீரை முதலில் சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய ஒரு தொட்டிக்குள்ளால் விடுவோம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அவை நிரம்பியதும் உப்புத் தண்ணீரால் கழுவினால் மறுபடி வேலை செய்யும். எங்கள் இடத்தில் தினமும் காலை ஆறு மணிக்குக் கழுவுவார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு தரம், தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து, மருந்துத் துளி விட்டு நிறம் பார்ப்பது என் வேலை. நீலமாக வந்தால் நல்ல தண்ணீர். பீற்றூட் சாறு மாதிரிச் சிவந்தால் சுண்ணாம்பு தப்பி வருகிறது என்று அர்த்தம்.

இனி என் பிழை. மூன்று மணித் தண்ணீரை நான் மூன்று மணிக்குப் பிடிக்கவில்லை. காலை எட்டு மணிக்கே இரண்டு போத்தல்களைக் கொண்டுபோய் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வருவேன். ஒன்றுக்குக் காலை என்றும் மற்றதற்குப் பின்னேரம் என்றும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவேன். மூன்று மணிக்குப் பிடித்து, பார்த்து, எழுதி முடிக்க மூன்றரையாகிவிடும். கண்டி வீதியில் பஸ் போய்விடும். அது போனால் பட்டணத்தில் நிலாவெளி பஸ்ஸும் போய்விடும். நீ அப்போது எட்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோடு தனியே இருப்பாய் என்று நினைத்து ஓடி ஓடி வருவேன். நீயோ கரைவலைக்காரரோடு நின்று கயிறு இழுத்து, அவர்கள் சுட்டுத் தந்த மீனைத் தின்று, கால் முழுக்க மணலோடு எனக்குப் பிறகு வீட்டுக்கு வருவாய். நான் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் எடுத்தது. பிழையை உன் தலையில் போட இதைச் சொல்லவில்லை. நீ இல்லாவிட்டால் வேறொரு சாட்டுக் கிடைத்திருக்கும். போத்தல்கள் எப்போதும் நீலமாகத்தான் இருந்தன. எப்போதும் நீலமாக வருவதை ஏன் இரண்டு தரம் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்கும், நானும் ஓம் என்றுவிடுவேன்.

கொதிகலனை ஓட்டியவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும், எங்கள் எல்லோருக்கும் அண்ணனான சலீம் நானா. கொதிகலனை அவர் "மருமகன்" என்றுதான் சொல்வார். எவ்வளவு தீனி போட்டாலும் குறை சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதன் இரைச்சலில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட்டு எழும்பிவிடுவார். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, குழாயை உள்ளிருந்து அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகத் தின்னும் என்று, கொதிகலனுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டியை எப்போதும் கை வைக்க ஏலாத சூட்டிலேயே வைத்திருப்பார். உமிச் சாம்பல் மணல் கடதாசி மாதிரி உரசும் என்று, நெருப்பு அணைந்திருக்கும் நாட்களில் உள்ளே தவழ்ந்துபோய்க் குழாய்களின் வளைவுகளைக் கையால் தடவிப் பார்ப்பார். உன் பாடப் புத்தகங்களில் இவை எல்லாம் இருந்தன. வாசித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் தெரிந்தது.

அந்த வருடம் கிணறுகளை வற்றவைக்கும் கச்சான் காற்று கடுமையாக அடித்தது. ஆவணியில் ஒரு நாள் முற்பகல், கொதிகலன் அறையிலிருந்து பெரிய சீறல் ஒன்று கேட்டது. எல்லோரும் வெளியே ஓடினோம். சலீம் நானா மட்டும் உள்ளே நின்று உமியை நிறுத்தி, ஒவ்வொன்றாக மூடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சூடு ஆறிய பிறகு வெடித்த குழாயை வெட்டி எடுத்து, ஒரு துண்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஓரிடத்தில் புடைத்து, மீன் வாயைத் திறந்தது போலக் கிழிந்திருந்தது. உள்ளே முட்டை ஓட்டை விடத் தடிப்பாக வெள்ளைப் படிவு. தொழிற்சாலையை நடத்தும் முகாமையாளர் வந்து என் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். காலை, பின்னேரம், காலை, பின்னேரம், எல்லாம் நல்ல தண்ணீர்.

"தண்ணியில ஒரு பிழையும் இல்லை. அப்ப நெருப்பைத்தான் கூட எரிச்சிருக்கிறீங்கள்" என்றார் சலீம் நானாவிடம்.

"நான் கூட எரிக்கல்ல சேர்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கிழமை அவரை மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். இருபது வருடமாக நெருப்போடு நின்ற மனிதர், தீன் மூட்டைகளுக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அது பழைய படிவாக இருக்கும், நான் வேலைக்கு வருவதற்கு முந்தியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே கிணறு, ஒரே தொட்டி, பின்னேரம் மட்டும் தண்ணீர் எப்படி மாறும் என்றும் சொல்லிக்கொண்டேன். மூட்டைப் பகுதியைத் தாண்ட வேண்டி வந்தால் சுற்றுப் பாதையால் போவேன். ஒரு நாள் தப்ப முடியாமல் எதிரே அகப்பட்டுக்கொண்டேன். "சுகமா தங்கச்சி? மகன் எப்பிடிப் படிக்கிறாரு?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த மனிசி எனக்குப் பல்லுக்குத்து என்று நினைத்துக் கராம்பு ஒன்று தந்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டாவது குழாய் வெடித்தது. இந்தத் தரம் நெருப்பு வாசலைத் தள்ளிக்கொண்டு நீராவியும் சுடுசாம்பலும் வெளியே வந்தன. சலீம் நானாவின் இடத்துக்குப் புதிதாக வந்தவருக்கு முழங்கைக்குக் கீழே வெந்துபோனது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வழி முழுக்கக் கையை ஊதிக்கொண்டு வந்தவர், இறங்கும்போது, "உங்களுக்குச் சரியான கரைச்சல் தந்திட்டன் அக்கா" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் மகன். என்னிடம்.

அடுத்த நாள் முதல் தடவையாக மூன்று மணிக்குப் போத்தலோடு போனேன். துளி விட்டேன். நீலம். அதற்கடுத்த நாளும் நீலம். எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் என்னில் பிழை இல்லை என்று, மத்தியானம் இறங்காத சோற்றை நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அங்கேதான் என் நிம்மதியைப் பூமணி அக்கா கலைத்தார்.

பூமணி அக்கா எங்கள் கன்ரீனில் சமைப்பவர். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அவரும் எங்கள் தொட்டித் தண்ணீரில்தான் சமைப்பார். பின்னேரம் வைக்கும் பருப்பு வேகுதில்லை என்று சில மாதமாகவே முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். "பருப்புப் பழசாக்கும் அக்கா" என்று நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்று தட்டில் பருப்பைப் போட்டபடி சொன்னார்:

"பிள்ளை, ஒரு கதை கேக்க வேணும். பொயிலர் நிண்ட நாளில இருந்து பின்னேரமும் பருப்பு பஞ்சு மாதிரி வேகுது. அது ஓடேக்க மட்டும் காலமைப் பருப்பு நல்லம், பின்னேரப் பருப்பு கல்லு. ஒரே மூட்டை, ஒரே சட்டி. உந்தப் பொயிலருக்கும் என்ர பருப்புக்கும் என்ன கோவம்?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. கொதிகலன் ஓடினால் தொட்டித் தண்ணீர் மளமளவென்று போகும். ஆறு மணிக்குக் கழுவிய மணிகள் மத்தியானத்துக்குள்ளேயே நிரம்பிவிடுகின்றன. அதன் பிறகு வருவது சுண்ணாம்பு போகாத வெறும் கிணற்றுத் தண்ணீர். கொதிகலன் நிற்கும்போது தண்ணீர் குறைவாகப் போகும், மணிகளும் பின்னேரம் வரை தாங்கும். என் நீலத்துக்குக் காரணம் அதுதான். நான் ஒரு போதும் பார்க்காத அந்த நேரத்தை அவர் பருப்புச் சட்டியில் நாள் தவறாமல் பார்த்திருக்கிறார்.

மூட்டைப் பகுதிக்கு இந்தத் தரம் நேர் வழியால் போனேன். விசயத்தைச் சொன்னதும் சலீம் நானா நூலை வைத்துவிட்டு எழும்பினார். அடுத்த நாள் காலை, கொதிகலன் குடிக்கும் அதே வேகத்துக்கு அவர் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட, நான் அரை மணிக்கொரு தரம் போத்தலில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி வரை நீலம். பன்னிரண்டரைக்கு ஊதா. ஒரு மணிக்குப் பீற்றூட் சாறு. கிணற்றிலிருந்து வரும் தண்ணீரையும் பார்த்தேன். முன்பு எழுதிவைத்திருந்ததை விட இரண்டு மடங்கு சுண்ணாம்பு.

"அப்ப பின்னேரம் முழுக்க மருமகனுக்குச் சுண்ணாம்புத் தண்ணியத்தான் குடுத்திருக்கிறம்" என்றார்.

"நானா, நான் மூண்டு மணிக்குத் தண்ணி பிடிக்கிறேல்லை. காலமையே ரெண்டு போத்தலும் பிடிச்சுப்போடுவன்."

"தெரியும் தங்கச்சி. எத்தன நாள் கண்டிருக்கிறன்."

"அப்ப உங்கள மாத்தேக்க ஏன் சொல்லேல்லை?"

தொட்டித் தண்ணீரை மூடினார். பிறகு சொன்னார், "நான் மட்டும் என்ன திறமா? மருமகன்ட அடியில சேருற சேறு போக அடித்தண்ணி திறந்து உடுறது நாளைக்கு மூணு தரம். அதோட சூடும் போகுது, உமி வீணாகுது, ஒரு தரம் போதும் எண்டு மனேஜர் சொன்னாரு. நானும் ஓம் எண்டுட்டன். புத்தகத்துல மூணு எண்டுதான் எழுதுற. என்ட பிழையால வெடிச்சதெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினச்சிருந்த."

அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது பெருந்தன்மை என்று நீ நினைக்கலாம். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அது என்னிடம் இருந்த அதே பயம்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எப்படி வந்ததோ தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கள்ளரும் ஒரே வேலியில் சந்தித்தது போல இருந்தது.

இரண்டாவது வெடிப்பை விசாரிக்கக் கொதிகலன் பரிசோதகர் அடுத்த நாள் வருவதாக இருந்தது. அன்று காலை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன். அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லுறதெண்டா போன உடன சொல்லும். பின்னேரம் வரைக்கும் வச்சிருந்தீரெண்டா, நீர் சொல்லமாட்டீர்" என்றார். பதினைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர் என்னை அளந்த அளவு அது. கோபம் வந்தது, ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

பரிசோதகர் வயதான மனிதர். கையில் சின்னச் சுத்தியல். கொதிகலன் அறையில் குனிந்து குழாய்களைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் வந்து நிற்பதைக் கண்டு நிமிர்ந்தார். முகாமையாளரும் சலீம் நானாவும் அங்கே நின்றார்கள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சேர், என்ர புத்தகத்தில இருக்கிற பின்னேரத் தண்ணி பின்னேரத் தண்ணி இல்லை" என்று தொடங்கி ஒரே மூச்சில் முடித்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் எழுதவில்லை, குறுக்கே ஒரு சொல் கேட்கவில்லை. நான் முடித்த பிறகும் அவர் பேசவில்லை. அந்த அமைதி தாங்காமல் சலீம் நானா அடித்தண்ணீர் விசயத்தைச் சொன்னார். பரிசோதகர் முகாமையாளரின் பக்கம் திரும்பினார். முகாமையாளர் நெற்றியைத் துடைத்தார். உமி வீணாகிறது என்று சொன்னது தான்தான் என்றார். பிறகு குரலை இறக்கி, "பழைய கிணறு வத்திப்போச்செண்டு வைகாசியில புதுக் கிணத்துத் தண்ணியை இணைச்சதும் நான்தான். தண்ணி தண்ணிதானே எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

பரிசோதகர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் மூண்டு பேரும் வைகாசியிலயே ஒருக்கா இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சிருந்தா, இந்தக் குழாய் வெடிச்சிருக்காது" என்றார்.

யன்னலுக்கு வெளியே தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற பூமணி அக்காவின் குரல் கேட்டது. "அப்ப என்ர பருப்பில பிழையில்லை, என்ன?"

முதலில் சிரித்தவர் முகாமையாளர்தான். அது அந்த மனிதரைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றியது. அன்று பின்னேரமே மூட்டைப் பகுதிக்கு நடந்துபோய், எல்லோருக்கும் முன்னால் சலீம் நானாவிடம் தன்னில்தான் பிழை என்று சொன்னார். சலீம் நானா கொதிகலனுக்குத் திரும்பினார். புடைக்கத் தொடங்கியிருந்த குழாய்களை மாற்றினார்கள், மற்றவற்றின் உட்படிவை அமிலம் விட்டுக் கரைத்தார்கள். மணிகளை மணிக்கூடு பார்த்துக் கழுவுவதை விட்டு, எவ்வளவு தண்ணீர் போனது என்று பார்த்துக் கழுவத் தொடங்கினார்கள். நானும் போத்தலை, கழுவுவதற்குச் சற்று முன்னர், தொட்டி களைத்துப்போயிருக்கும் நேரத்தில் பிடிக்கப் பழகினேன். கை வெந்தவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார். அவருடைய கல்யாணத்தில் நீ மூன்று தரம் பாயாசம் வாங்கிக் குடித்தாய், அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இனி உன் வேலை. பதிவுப் புத்தகம் அழகாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நில். தண்ணீர் பார்க்கிறீர்களா என்று கேட்காதே, எல்லோரும் ஓம் என்பார்கள். வாருங்கள், எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்று கூட நட. காலையில் மட்டும் போகாதே. எந்தத் தண்ணீர் எப்போது மாறியது, யார் எதைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில், அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சமைப்பவர்களோடும் கூட்டுபவர்களோடும் கதை. உனக்கு அவர்கள் தேத்தண்ணி தந்தால், நேரமில்லை என்று சொல்லாமல் இருந்து குடி. ஓட்டுபவர் நெருப்பைக் கூட்டிவிட்டார் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னால், அந்த ஓட்டுபவரைத் தேடிப் பிடித்து அவரோடு தனியே ஒரு மணித்தியாலம் இரு.

உன் வேலையில் ஒரு நாள் என்னைப் போன்ற ஒருத்தி உன் முன்னால் வந்து நிற்பாள். அவள் பிழையை மறைக்காதே. அந்தப் பரிசோதகர் என் பிழையை மறைக்கவில்லை. எந்தப் போத்தல், எந்த நேரம், எத்தனை மாதம் என்று எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார். அதை வாசித்த மேலிடம் என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருந்தார்: "இதைச் சம்பந்தப்பட்டவர், எவரும் கேட்பதற்கு முன், தானாகவே வந்து தெரிவித்தார்." எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அந்த மேசையில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தேன். நீ பொறியியல் படித்து முடித்தது அந்த ஒரு வரியில்தான் மகன்.

அம்மா